4 லட்சம் கோடுகள், ஒரு டிஸ்ப்ளே லிஸ்ட்: நிறம் மாற்றினால் திரை உறைகிறது

பட்டறைநிரல்:

வணக்கம். சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி தானாகப் பொருளை வெட்டும் மெஷின்) பட்டறை ஒன்றுக்காக நான் எழுதிய டூல் பாத் வியூவர் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஜி-கோடு ஃபைலை, அதாவது மெஷினுக்கான நகர்வுக் கட்டளைகளை வரிவரியாகக் கொண்ட ஃபைலை, திறந்தால் டூல் போகும் பாதை முழுவதையும் கோடுகளாகக் காட்டும், மவுஸால் திருப்பலாம், பெரிதாக்கலாம், அவ்வளவுதான். விஎம்சி மெஷினில் புது ஜாப் ஏற்றும்போது ஆபரேட்டர்கள் இதில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சைக்கிள் ஸ்டார்ட் அமுக்குகிறார்கள், அதனால் இதைச் சரியாக வைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை உண்டு.

வரைவது ஓபன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் நூலகத்தில், பழைய பாணி. ஃபைலைப் படித்ததும் ஜிஎல்நியூலிஸ்ட் போட்டு டிஸ்ப்ளே லிஸ்ட், அதாவது வரையும் கட்டளைகளின் பதிவு, ஒன்றைத் தொடங்கி, உள்ளே ஜிஎல்பிகின், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிறம், இரண்டு வெர்டெக்ஸ் (முனைப்புள்ளி), கடைசியில் ஜிஎல்எண்ட்லிஸ்ட். பிறகு ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஜிஎல்கால்லிஸ்ட் ஒன்றே ஒன்று. அச்சு (மோல்டு) ஜாப் ஒன்றில் 4 லட்சம் கோடுகள் வருகின்றன, அதையும் வெண்ணெய் மாதிரி திருப்புகிறது.

இப்போது பட்டறையில் கேட்பது என்னவென்றால், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிந்த பகுதி வேறு நிறத்தில் தெரிய வேண்டும். மெஷினிலிருந்து எந்த வரி ஓடுகிறது என்ற எண் எனக்குக் கிடைக்கிறது. ஆனால் நிறம் மாற லிஸ்டையே மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் திரை உறைந்து நிற்கிறது. இன்னொன்று, புதிதாக ஃபார்மேட் செய்த ஒரு லேப்டாப்பில் சும்மா திருப்பினாலே தடுமாறுகிறது, அதைவிடப் பழைய கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா என்று தெரியவில்லை.

விரைவுக்கோடு:

டிஸ்ப்ளே லிஸ்டைத் தூக்கிப் போடுங்கள். 2008ல் ஓபன்ஜிஎல் 3.0 வந்தபோதே கைவிடப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள், அடுத்த வருடம் 3.1ல் எடுத்தே விட்டார்கள். மேக்கில் 3.2 அல்லது அதற்கு மேல் கேட்டால் டிஸ்ப்ளே லிஸ்ட் கிடையாது, லிஸ்ட் வேண்டுமென்றால் 2.1லேயே நிற்க வேண்டும். மொபைலுக்கான ஓபன்ஜிஎல் ஈஎஸ்ஸில் அது எப்போதுமே இருந்ததில்லை.

கோட்டுச்சித்தன்:

தூக்கிப் போடுவது பிறகு இருக்கட்டும், அவருடைய லிஸ்ட் ஏன் உறைகிறது என்று முதலில் பார்ப்போம். இது புரியாமல் மாறினால் புது இடத்திலும் இதே சிக்கல் வந்து நிற்கும்.

கட்டளைகளைப் பதிந்து வைப்பது என்றால், எது பிரதியாக உள்ளே போகிறது, எது முகவரியாக மட்டும் போகிறது என்பதுதான் கேள்வி. ஓபன்ஜிஎல் டிஸ்ப்ளே லிஸ்டில் கிட்டத்தட்ட எல்லாமே பிரதிதான். நீங்கள் கொடுத்த 8 லட்சம் வெர்டெக்ஸும் 4 லட்சம் நிறமும் பதிந்த கணத்தில் என்ன மதிப்போ அந்த மதிப்போடு உறைந்துவிட்டன. ஜிஎல்டிராஅரேஸை லிஸ்டுக்குள் கூப்பிட்டாலும் அப்படியே, அந்தக் கணத்திலேயே அரேயில் இருப்பதைப் படித்து உள்ளே நகல் எடுத்துக்கொள்ளும், பிறகு நீங்கள் அரேயை மாற்றினாலும் லிஸ்டுக்குத் தெரியாது. உறைந்துவிட்டது என்ற அந்த உத்தரவாதம் இருப்பதால்தான் டிரைவர் அதைத் தன் வசதிக்கு அடுக்கி கார்டின் மெமரியிலேயே வைத்துக்கொள்கிறது. மெசா என்ற திறந்தமூல டிரைவரில் பிகின், எண்ட் நடுவே வருவதெல்லாம் உள்ளுக்குள் வெர்டெக்ஸ் பஃபராகவே (கார்டு நேரடியாகப் படிக்கும் தரவுத் தொகுப்பு) மாற்றப்படுகிறது. உங்கள் வேகம் அங்கிருந்து வருகிறது, உங்கள் தொல்லையும் அங்கிருந்தேதான். ஒரு கோட்டின் நிறத்தை மட்டும் உள்ளே கைவிட்டு மாற்ற வழியே கிடையாது, முழு லிஸ்டையும் மறுபடி சொல்ல வேண்டும், டிரைவரும் மறுபடி முதலிலிருந்து அடுக்க வேண்டும்.

லேப்டாப் விஷயம் வேறாக இருக்கும். நிரல் தொடங்கியதும் ஜிஎல்_ரெண்டரர், அதாவது வரைவது யார் என்ற பெயர், என்ன சொல்கிறது என்று அச்சிட்டுப் பாருங்கள்.

பட்டறைநிரல்:

பார்த்தேன். "ஜிடிஐ ஜெனரிக்" என்று வருகிறது.

கோட்டுச்சித்தன்:

அப்படியானால் கிராஃபிக்ஸ் டிரைவரே போடவில்லை. விண்டோஸோடு வரும் ஓபன்ஜிஎல் 1.1 மென்பொருள் வடிவம் அது, எல்லாக் கோட்டையும் சிபியூவே வரைகிறது. கார்டு தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவிவிட்டுப் பாருங்கள்.

பட்டறைநிரல்:

டிரைவர் போட்டதும் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. இரண்டு வாரமாக என் நிரலைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

விரைவுக்கோடு அவர்களுக்கு: பட்டறையில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் சில மிகப் பழையவை, தூசிக்கும் எண்ணெய்க்கும் நடுவில் இருப்பவை, அவற்றை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போதுள்ள நிரலிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

பழையதிரை:

முடியும் தம்பி. லிஸ்டுக்குள் இன்னொரு லிஸ்டைக் கூப்பிடலாம் அல்லவா, குறைந்தது 64 அடுக்கு வரை அனுமதி உண்டு. உள்ளே கூப்பிடுவது எண்ணால்தான், ஓடும் நேரத்தில் அந்த எண்ணில் என்ன இருக்கிறதோ அது ஓடும். இந்த இடத்தில் மட்டும் பிரதி கிடையாது. ஆகவே பாதையை 5,000 கோடுகள் கொண்ட 80 துண்டு லிஸ்டாக உடையுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரே ஒரு நிறக்கட்டளை கொண்ட குட்டி லிஸ்ட் ஒன்று. மேலே ஒரு தலைமை லிஸ்ட், அது வரிசையாக நிறம், துண்டு, நிறம், துண்டு என்று கூப்பிட்டுக்கொண்டு போகும். துண்டு முடிந்ததும் அதன் குட்டி லிஸ்டை மட்டும் புது நிறத்தோடு எழுதுங்கள். தலைமை லிஸ்டையும் தொட வேண்டாம், கோடுகளையும் தொட வேண்டாம். துண்டுக்குள் வெர்டெக்ஸோடு நிறம் எதுவும் இருக்கக்கூடாது என்பதை மறக்காதீர்கள்.

இது ஒன்றும் புதிதல்ல. 1979ல் வந்த ஆஸ்டிராய்ட்ஸ் ஆட்டத்தில் திரையில் கோடு வரைவதற்கென்றே தனிச் சுற்று இருந்தது, அது மெமரியில் உள்ள கட்டளைப் பட்டியலைப் படித்து வரையும், அந்தப் பட்டியலில் சப்ரூட்டீன் அழைப்பும் உண்டு. பாறைகளின் வடிவம் ரோம் மெமரியில் மாறாமல் இருந்தது. ஆட்டம் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எழுதியது இடமும் அளவும் மட்டுமே, அதற்கு அடுத்து அந்த வடிவத்துக்கு ஓர் அழைப்பு. அதே வருடம் வந்த அடாரி 400, 800 கம்ப்யூட்டர்களில் ஆன்டிக் சிப் படித்ததற்கும் டிஸ்ப்ளே லிஸ்ட் என்றே பெயர், கடைசிக் கட்டளை மறுபடி முதலுக்குத் தாவி அடுத்த ஃப்ரேமுக்காகக் காத்திருக்கும். அதற்கும் வெகு முன்னால், 1963லேயே, ஐவன் சதர்லேண்டின் ஸ்கெட்ச்பேடில் மூல வடிவம் ஒன்று, அதன் நகல்கள் பல, மூலத்தைத் திருத்தினால் நகல் எல்லாம் திருந்தும். மாறுவதையும் மாறாததையும் பிரித்து வைத்தவர்கள் இவர்கள். மிகச் சின்ன மெமரியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவினை கண்ணெதிரே இருந்தது. நமக்கு மெமரி பெருகிய பிறகு எல்லாவற்றையும் ஒரே லிஸ்டில் கொட்டும் பழக்கம் வந்துவிட்டது.

பட்டறைநிரல்:

ஐயா, நீங்கள் சொன்னபடி உடைத்தேன். உறைவது நின்றுவிட்டது!

ஆனால் ஒரு மதியம் முழுக்க வேறு ஒன்றில் சிக்கிக்கொண்டேன், மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். அடியில் வரும் கட்டக்கோடுகளுக்கு என்னிடம் தனி லிஸ்ட் உண்டு, அதில் நடுவில் ஒரு ஜிஎல்டிரான்ஸ்லேட் இருக்கிறது. இதுவரை கட்டத்தைக் கடைசியில் வரைந்தேன், இப்போது வரிசையை மாற்றி முதலில் வரைந்ததும் பாதை முழுவதும் 50 மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளி நின்றது. டூல் பொருளுக்கு வெளியே வெட்டுவது போலத் தெரிகிறது, ஆபரேட்டர் பதறிப்போய் ஃபோன் செய்தார். லிஸ்ட் முடிந்தால் அதற்குள் மாற்றியதெல்லாம் தானாகத் திரும்பிவிடும் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் இல்லை. லிஸ்ட் என்பது ஃபங்ஷன் போல உள்ளூர் நிலை கொண்டதல்ல, கட்டளைகளை அந்த இடத்தில் கொட்டுவது மட்டுமே. ஜிஎல்புஷ்மேட்ரிக்ஸ், ஜிஎல்பாப்மேட்ரிக்ஸ் நடுவில் வைத்ததும் சரியானது.

பழையதிரை:

நிறம், கோட்டின் தடிமன் இவற்றுக்கும் அப்படித்தான், ஜிஎல்புஷ்அட்ரிப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: இல்லாத எண்ணை ஜிஎல்கால்லிஸ்டில் கொடுத்தால் பிழை எதுவும் வராது, சத்தமில்லாமல் தாண்டிப்போய்விடும். இரண்டாவது ஜன்னல் திறந்து அதில் மட்டும் எதுவும் தெரியவில்லை என்றால், அந்த ஜன்னலின் கான்டெக்ஸ்ட் (அதற்கான தனி ஓபன்ஜிஎல் நிலை) லிஸ்டுகளைப் பகிரவில்லை என்று அர்த்தம். விண்டோஸில் அதற்கான ஃபங்ஷனின் பெயரே டபிள்யூஜிஎல்ஷேர்லிஸ்ட்ஸ்.

கோட்டுச்சித்தன்:

80 துண்டு நல்ல ஒட்டு, ஆனால் நிறம் 5,000 கோட்டுக்கு ஒரு தடவைதான் நகரும். டூல் இப்போது எங்கே நிற்கிறது என்று ஆபரேட்டருக்குத் தெரிய வேண்டுமே, எனவே இதையும் தாண்டிப் போகலாம். பழைய கம்ப்யூட்டர் பற்றிக் கவலை வேண்டாம், வெர்டெக்ஸ் பஃபர் 2003லேயே ஓபன்ஜிஎல் 1.5ல் வந்துவிட்டது. விண்டோஸில் அந்த ஃபங்ஷன்களை டபிள்யூஜிஎல்கெட்ப்ராக்அட்ரஸ் மூலம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் தரவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டூல் ஓர் இடத்திலிருந்து மறைந்து வேறு இடத்தில் தோன்றுவதில்லை, ஜி0வோ (வெட்டாமல் வேகமாக நகர்வது) ஜி1ஓ (வெட்டிக்கொண்டு நேராக நகர்வது), எல்லா நகர்வும் முந்தைய நகர்வு முடிந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதனால் பாதை முழுவதும் ஒரே லைன் ஸ்ட்ரிப், அதாவது தொடர்ச்சியாக ஒட்டிய கோடு. 8 லட்சம் வெர்டெக்ஸ் தேவையில்லை, 4,00,001 போதும். ஒன்றுக்கு 12 பைட் இடம் என்றால் மொத்தம் 48 லட்சம் பைட். இதை ஒரு தடவை பஃபரில் ஏற்றிவிட்டுத் தொடவே தொடாதீர்கள்.

நிறம் மாற்ற என்ன செய்வது? பாதை ஓடும் வரிசையிலேயே பஃபரும் இருக்கிறது, ஆகவே "முடிந்தது" என்பது வெறும் ஓர் எண்ணிக்கை, அதை n என்போம். ஜிஎல்டிராஅரேஸை இரண்டு தடவை கூப்பிடுங்கள்: பச்சை நிறம் வைத்து 0லிருந்து n வெர்டெக்ஸ், சாம்பல் நிறம் வைத்து மீதி. மீதியை nலிருந்து தொடங்கினால் சரியாக டூல் நிற்கும் இடத்தில் ஒரு கோடு காணாமல் போகும், ஏனென்றால் அந்தக் கோட்டுக்கு n−1ஆம் வெர்டெக்ஸும் வேண்டும். ஆகவே இரண்டாவது அழைப்பு n−1ல் தொடங்க வேண்டும், எண்ணிக்கையும் ஒன்று கூட வேண்டும். இதில் நான் தடுக்கி விழுந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஜி2, ஜி3 வளைவுகளை நீங்கள் குட்டிக் கோடுகளாக உடைத்திருப்பீர்கள், அப்போது ஜி-கோடு வரி எண்ணும் வெர்டெக்ஸ் எண்ணும் ஒன்றாக இராது. ஃபைலைப் படிக்கும்போதே வரிக்கு ஒரு கட்டம் வைத்து, அந்த வரி எந்த வெர்டெக்ஸில் முடிகிறது என்று எழுதி வையுங்கள்.

கொஞ்சம் புதிய கார்டு, அதாவது ஓபன்ஜிஎல் 3.0 உள்ள கம்ப்யூட்டர்களுக்கு இன்னும் அழகான வழி உண்டு. ஒவ்வொரு வெர்டெக்ஸோடும் 4 பைட் முழு எண் ஒன்று சேருங்கள், அதில் வரி எண், கீழ் இரண்டு பிட்டில் நகர்வு வகை. அதை ஷேடரில் (கார்டில் ஓடும் குட்டி நிரல்) ஃபிளாட், அதாவது முனைகளுக்கு நடுவே கலக்காத மதிப்பு, என்று அறிவியுங்கள், இல்லாவிட்டால் முழு எண்ணை ஃப்ராக்மென்ட் பக்கம் (பிக்சலுக்கு நிறம் தரும் பகுதி) அனுப்பவே விடாது. ஃபிளாட் என்றால் கோட்டின் இரண்டு முனைகளில் எதன் மதிப்பு எடுக்கப்படும்? ஓபன்ஜிஎல்லில் மாற்றாமல் விட்டால் கடைசி முனை. ஜி-கோடிலும் ஒரு வரி சொல்வது "இங்கே போ" என்ற சேருமிடத்தைத்தானே, அதனால் அந்த வரியின் எண்ணைச் சேருமிட வெர்டெக்ஸில் எழுதினாலே கோடு முழுவதற்கும் பொருந்திவிடும். ஷேடருக்கு "இப்போதைய வரி" என்ற ஒரே யூனிஃபார்ம் (எல்லா வெர்டெக்ஸுக்கும் பொதுவான மதிப்பு), அதைவிடச் சின்ன எண் என்றால் பச்சை. ஜி0 நகர்வை மறைக்க வேண்டுமா, வகையைப் பார்த்து டிஸ்கார்ட் (வரையாமல் விடுவது). 4,00,001 வெர்டெக்ஸ், ஒன்றுக்கு 16 பைட், 64 லட்சம் பைட், ஓர் அழைப்பு.

மின்கோலம்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் வல்கன் என்ற புதிய கிராஃபிக்ஸ் நூலகத்தில் இதே மாதிரி ஒன்று செய்கிறேன், அங்கே செகண்டரி கமாண்ட் பஃபர் (இன்னொரு பதிவிலிருந்து கூப்பிடும் கட்டளைப் பதிவு) இருக்கிறதே, ஒரு தடவை பதிந்து எப்போதும் ஓட்டலாமே, அதுதானே டிஸ்ப்ளே லிஸ்டின் வாரிசு? ஆனால் எல்லோரும் ஒவ்வொரு ஃப்ரேமும் மறுபடி பதியுங்கள் என்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

கோட்டுச்சித்தன்:

வாரிசுதான், ஆனால் பிரதிக்கும் முகவரிக்கும் இடையிலான கோடு இடம் மாறிவிட்டது. 2016ல் வந்த வல்கனில் கமாண்ட் பஃபருக்குள் வெர்டெக்ஸ் தரவு போவதில்லை, எந்த பஃபர் என்பது மட்டுமே போகிறது. பஃபரின் உள்ளடக்கத்தை நீங்கள் மாற்றலாம், ஜிபியூ அதைப் படித்துக்கொண்டிருக்காத நேரமாக இருக்க வேண்டும். ஆனால் புஷ் கான்ஸ்டன்ட் (கட்டளைகளோடு சேர்த்துப் பதியும் சின்ன மதிப்பு) பிரதியாக உறைந்துவிடும். அதில் மேட்ரிக்ஸை வைத்துப் பதிந்துவிட்டு, கேமரா ஏன் நகரவில்லை என்று தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பதிந்த பிறகு டிஸ்கிரிப்டர் செட்டை (ஷேடர் படிக்கும் பஃபர்களின் பட்டியல்) திருத்தினால், அதற்கென்று சிறப்பு அனுமதி கேட்டு உருவாக்கியிருந்தால் தவிர, பதிவே செல்லாததாகிவிடும். செகண்டரிக்குள் வெளியில் இணைத்த பைப்லைனும் (ஷேடரும் வரையும் அமைப்புகளும் சேர்ந்த தொகுப்பு) வராது, உள்ளேயே மறுபடி இணைக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி 12ல் உள்ள பண்டில் என்ற பதிவு இதில் சற்று வேறு, அது வெளியிலிருந்து சிலவற்றை வாங்கிக்கொள்ளும், பைப்லைனை வாங்கிக்கொள்ளாது.

மறுபடி பதியச் சொல்பவர்கள் சொல்வதும் நியாயமே. வல்கனில் ஒரு டிரா கட்டளையைப் பதிவது மிக மலிவு, டிரைவர் பரிசோதிக்க வேண்டியதெல்லாம் பைப்லைன் உருவாக்கும்போதே முடிந்துவிடுகிறது. பதிவைப் பாதுகாத்து வைப்பதில்தான் செலவு, ஜன்னலின் அளவை இழுத்து மாற்றினால் ஸ்வாப்செயின் படங்களெல்லாம் (திரைக்குப் போகும் படங்கள்) புதிது, அவற்றைச் சுட்டும் பதிவெல்லாம் பயனற்றது. என்னைக் கேட்டால், ஒரு ஃப்ரேமுக்குச் சில நூறு கட்டளைகள் என்றால் பதிந்து வைப்பதில் லாபமில்லை.

இலைநிழல்:

சில நூறு வரை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பிரௌசரில் கதை வேறு. பிரௌசருக்கான கிராஃபிக்ஸ் வசதியான வெப்ஜிபியூவில் ஒவ்வொரு கட்டளையும் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து கிளம்பி, பரிசோதிக்கப்பட்டு, குரோமில் வேறு ப்ராசஸுக்குப் போய்ச் சேருகிறது. சில ஆயிரம் பொருட்கள் இருந்தால் அந்தப் பயணமே ஃப்ரேமின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அங்கே ரெண்டர் பண்டில் என்ற கட்டளைப் பதிவு உண்மையிலேயே உதவுகிறது, ஒரு தடவை பதிந்தால் பரிசோதனையும் ஒரு தடவைதான். பண்டிலுக்குள் வியூபோர்ட், சிசர் (வரையும் பகுதி, அதை வெட்டும் எல்லை) மாற்ற முடியாது, அதனால் நிலைக் கசிவும் குறைவு, பண்டிலை ஓட்டி முடித்ததும் பைப்லைன் நிலை வெறுமையாகிவிடும். பட்டறைநிரல் அவர்களுக்கு வந்த 50 மில்லிமீட்டர் தொல்லை இங்கே வர வாய்ப்பில்லை.

எண்ணிக்கை மாற வேண்டுமென்றாலும் மறுபதிவு வேண்டாம். டிராஇன்டைரக்ட் என்று பதிந்தால் எத்தனை வெர்டெக்ஸ் என்பது பஃபரிலிருந்து ஓடும் நேரத்தில் படிக்கப்படும். மேலே சொன்ன அந்த nஐ அதில் எழுதினால் போதும். வல்கனிலும் இது உண்டு.

கோட்டுச்சித்தன்:

பிரௌசர் பற்றிச் சொன்னது சரி, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கைப்பேசிக்காரி:

ஆண்ட்ராய்டில் நாள் முழுக்க வேலை பார்ப்பவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். 2011ல் ஆண்ட்ராய்டு 3.0 வந்ததிலிருந்து ஹார்ட்வேர் முடுக்கம் உள்ள ஒவ்வொரு வியூவும் (பட்டன், படம் போன்ற திரைப் பகுதி) தன் வரைதல் கட்டளைகளை டிஸ்ப்ளே லிஸ்டாகத்தான் பதிகிறது. டிரான்ஸ்லேஷனையோ ஆல்ஃபாவையோ (ஒளிபுகும் அளவு) மாற்றினால் பதிவு அப்படியே இருக்கும், அதன் மேல் ஒட்டியிருக்கும் பண்பு மட்டும் மாறும். இன்வேலிடேட் கூப்பிட்டால்தான் வரையும் ஃபங்ஷனான ஆன்டிரா மறுபடி ஓடும். அனிமேஷனுக்குள் ஒவ்வொரு ஃப்ரேமும் இன்வேலிடேட் கூப்பிட்டுவிட்டு ஏன் தடுமாறுகிறது என்று கேட்பவர்களும், ஒரு நிறத்துக்காக முழு லிஸ்டையும் கட்டியவரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

பட்டறைநிரல்:

அனைவருக்கும் நன்றி. பழைய கம்ப்யூட்டர்களுக்கு இரண்டு அழைப்பு வழி, மற்றவற்றுக்கு ஷேடர் வழி என்று இரண்டும் போட்டுவிட்டேன். n−1 இல்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், டூல் நுனியில் அந்த ஒரு கோடு இல்லாமல் பாதை அறுந்து நின்றது, சேர்த்ததும் ஒட்டிக்கொண்டது. மெஷின் வரி எண் அனுப்பும் வேகத்திலேயே பச்சை நகர்கிறது, ஃபினிஷிங் பாஸில் டூல் மேலும் கீழுமாகப் போவதைத் திரையிலும் கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரே நேரத்தில் பார்த்தேன், வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. டூல் பெயர்களை எழுதிக் காட்ட டபிள்யூஜிஎல்யூஸ்ஃபான்ட்பிட்மேப்ஸ் பயன்படுத்துகிறேன், எழுத்துக்கு ஒரு டிஸ்ப்ளே லிஸ்ட், ஜிஎல்கால்லிஸ்ட்ஸில் சரத்தை அப்படியே கொடுத்தால் ஆங்கிலம் நன்றாக வருகிறது. ஆபரேட்டர்களுக்காகத் தமிழில் "பொருள் மாற்று" என்று காட்டப் பார்த்தேன், யூனிகோட் எண்ணுக்கு ஒரு லிஸ்ட் வைத்தேன். "பொ" சிதறிப்போகிறது, ப முதலிலும் கொம்பும் காலும் அதற்குப் பின்னாலும் வருகின்றன.

பழையதிரை:

அது லிஸ்டின் தவறல்ல தம்பி. யூனிகோடில் ப முதலில், ஒகரக் குறி பிறகு, திரையிலோ கொம்பு ப-வுக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால். குறி ஒன்றுக்கு லிஸ்ட் ஒன்று என்ற கணக்கு இந்த எழுத்துமுறைக்குப் பொருந்தாது. சரத்தை முதலில் ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்பு நூலகத்துக்குக் கொடுங்கள், எந்த கிளிஃப் (ஃபான்டில் உள்ள எழுத்து வடிவம்) எந்த வரிசையில் எந்த இடத்தில் என்று அது திருப்பிக் கொடுக்கும். லிஸ்டை யூனிகோட் எண்ணுக்கு வைக்காமல் கிளிஃப் எண்ணுக்கு வையுங்கள். வடிவம் லிஸ்டில் அப்படியே இருக்கட்டும், வரிசையும் இடமும் மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் வெளியிலிருந்து வரட்டும்.

பட்டறைநிரல்:

புரிந்தது ஐயா. இன்று இரவு உட்கார்ந்து பார்க்கிறேன், "பொருள்" சரியாக வந்ததும் படம் போடுகிறேன்.